மழை மாதங்களில் நான்கு ஒலிபெருக்கிகள்

"பத்திரமா வச்சிருக்கோம்" என்று யாராவது சொன்னால் நான் இன்றும் உடனே திறந்து காட்டச் சொல்வேன். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் நான் செய்த நான்கு ஒலிபெருக்கிகளையும் யாரும் திருடவில்லை, கீழே போடவில்லை, பொறாமையில் உடைக்கவும் இல்லை. எல்லாரும் சேர்ந்து பத்திரமாக வைத்தார்கள். அப்படித்தான் அவை கெட்டன.

எண்பதுகளின் பின்பாதி. நான் ஈப்போவில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடிக்கு நடக்கிற தூரத்தில் ஒரு தமிழர் சங்கம். ஒரு மண்டபம், அதன் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு ஸ்டோர், ஸ்டோரின் சுவரை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி. பொங்கல், நவராத்திரி, பள்ளிப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டி எல்லாம் அங்கேதான்.

அதுவரை சங்கத்துக்கு வாடகைக்காரர் ஒருவர் வந்து கூம்பு ஒலிபெருக்கி கட்டுவார். தெரு முழுக்கக் கேட்கும். ஒரு வார்த்தை புரியாது. பிள்ளை பாடுவது தேவாரமா, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் மீன் விற்கிற சத்தமா என்று பின் வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. மண்டபத்துக்குள் கேட்பதற்குப் பெட்டி ஒலிபெருக்கிகள் வேண்டும், நானே செய்து தருகிறேன் என்று செயற்குழுவிடம் சொன்னேன். யோசித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு வருடம் ஆனது. எனக்குச் செய்து முடிக்க எட்டு மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. பிளைவுட் பலகைகளைக் கடலுக்கு அக்கரையில் மாக் மண்டினில் ஒரு தச்சுப் பட்டறையில் அளவாக வெட்டி வாங்கி, ஃபெர்ரியில் மடியில் வைத்துக்கொண்டு கொண்டுவந்தேன். உள்ளே பொருத்தும் காகிதக் கூம்புகளையும் காந்தங்களையும் டவுனில் ஒரு கடையில் தேர்ந்தெடுத்தேன். கம்பி, பசை, முன்பக்கத் துணி எல்லாம் என் கையால்.

தலைவர் ஒரு நிபந்தனை வைத்தார். வரும் பொங்கல் விழாவில் இந்தப் பெட்டிகள் நன்றாக ஒலித்தால் சங்கத்தின் ஒலிப் பொறுப்பு என்னுடையது. இல்லாவிட்டால் பழையபடி வாடகைக்காரர். அந்தச் சங்கத்தில் அதுவரை பெண்களிடம் கொடுக்கப்பட்ட பொறுப்புகள் நான்கு: கோலம், சமையல், குத்துவிளக்கு, வாசலில் நின்று சந்தனம் பன்னீர் கொடுப்பது. ஐந்தாவதாக ஒன்றை வாங்குவதற்காகத்தான் நான் எட்டு மாதம் மரத்தூள் சுவாசித்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நவராத்திரியின் முதல் நாட்களில் பெட்டிகளை வைத்துப் பார்த்தோம். நன்றாக இருந்தன. அப்போதுதான் மண்டபத்துக் கூரையை மாற்றப் போகிறோம், சரஸ்வதி பூசை முடிந்ததும் மூடிவிட்டு டிசம்பர் கடைசியில் திறப்போம் என்று முடிவானது. அதாவது அக்டோபர், நவம்பர், டிசம்பர். பினாங்கில் இருப்பவர்களுக்கு அந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணி மூன்று நாளைக்குக் காயாது, செருப்பில் பூஞ்சை பிடிக்கும், உப்பு ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். அந்த மழையில் என் பெட்டிகள் அந்த ஸ்டோருக்குள் இருக்கப் போகின்றன.

காகிதக் கூம்புகள் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு துண்டுத்தாள் இருந்தது. குளிர் நாட்டுக்காரர்களுக்காக எழுதியது. சூடேற்றாத அறையிலோ கார் நிறுத்தும் கொட்டகையிலோ குளிர்காலம் முழுக்க ஒலிபெருக்கியை வைக்க நேர்ந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. தரையில் வைக்காதே, மூச்சு முட்ட மூடாதே, எடுத்த உடனே மின்சாரம் கொடுக்காதே, அறையின் வெப்பத்துக்கு அது பழகும் வரை பொறு. பனியை நான் பார்த்ததில்லை. ஆனால் படிக்கப் படிக்க, குளிர் அங்கே காகிதத்துக்கும் பசைக்கும் செய்கிற வேலையை எங்கள் ஊரில் ஈரம் செய்கிறது என்று புரிந்தது. எங்கள் தொழிற்சாலையில் சில்லுகளை வைக்க உலர் அலமாரி உண்டு. அதன் ஈரப்பதமானி முள் சிவப்புக் கோட்டைத் தாண்டினால் லைன் லீடர் கத்திக்கொண்டு ஓடி வருவாள். அலமாரிக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். மேனேஜரே வந்தாலும் அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் கதவைத் தொடுவார்.

அதனால் நானும் ஒரு தாள் எழுதினேன். ஒன்பது வரி. சிமெண்டுத் தரையில் வைக்கக் கூடாது, பலகை மேல் வைக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி. பிளாஸ்டிக் சுற்றக் கூடாது, பழைய வேட்டியோ பருத்திப் போர்வையோ போதும். நிமிர்த்தி நிறுத்த வேண்டும், படுக்க வைக்கக் கூடாது. மேலே எதையும் அடுக்கக் கூடாது. அறையில் ஒரு சிறிய பல்பு எரிந்துகொண்டே இருக்கட்டும், அந்தச் சூடு போதும். மழை விட்ட நாளில் ஒரு மணி நேரம் ஜன்னலைத் திறக்க வேண்டும். எட்டாவது: வெளியே எடுத்தபின் இரண்டு நாள் காற்றாட விடாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. ஒன்பதாவது: சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்க வேண்டும்.

சரஸ்வதி பூசையன்று எனக்குக் காலை ஷிப்ட். லீவு கேட்டேன், கிடைக்கவில்லை. விடியற்காலை தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கும் வழியில் சங்கச் செயலாளர் வீட்டு வாசலில் நின்று அந்தத் தாளைக் கையில் கொடுத்தேன். செயலாளர் ஒரு கம்பெனியில் பெரிய கிராணியாக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். அழகான கையெழுத்து, அதைவிட அழகான பேச்சு. யாரிடமும் அவர் "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

"அங்கிள், பெட்டிங்கள ஸ்டோர்ல வைக்கிறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிடுங்க. மறந்துடாதீங்க."

"சரிம்மா," என்றார். தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீ ஏன் கவலப்படுற? நாங்க பாத்துக்கறோம். நீ வேலைக்குப் போ, பஸ் போயிடும்."

பஸ்ஸில் உட்கார்ந்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

அக்டோபரில் ஒரு முறை, நவம்பரில் இரண்டு முறை செயலாளரிடம் ஸ்டோரைத் திறந்து பார்க்கலாமா என்று கேட்டேன். மூன்று முறையும் "சரிம்மா, பாப்போம்மா." ஒரு முறை கூரைக்காரர்களின் சாமான் வழியை அடைத்திருக்கிறதாம். ஒரு முறை அவருக்குக் காய்ச்சல். மூன்றாவது முறை ஒன்றுமே சொல்லாமல் என் அம்மாவின் முட்டிவலியை விசாரித்தார். அதுவும் உண்மையான அக்கறையோடு. இல்லை என்று சொல்கிறவரிடம் சண்டை போடலாம். சரி என்றே சொல்லிக்கொண்டிருக்கிறவரை எந்தப் பக்கம் பிடிப்பது?

டிசம்பர் மூன்றாவது வாரம் ஒரு சனிக்கிழமை, மண்டபம் பெருக்கும் அக்காவைப் பாசாரில் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். சங்கத்தில் இருப்பவர்களிலேயே அதிகம் வேலை செய்பவரும், யாருக்கும் பயப்படாதவரும் அவர்தான். ஸ்டோருக்கு இரண்டாவது சாவி ஒன்று அவரிடம் இருக்கிறது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லா," என்றார். "அவருகிட்டப் போயி கேட்டா அவரு எங்க எந்திரிச்சு வரப் போறாரு? வா, இப்பவே போவோம். ஆனா நீ பாத்து அசந்துடுவ பாரு. புதுசு மாதிரி வச்சிருக்கேன்."

கதவைத் திறந்ததும் முதலில் வாசனைதான் வந்தது. பழைய சாக்கு, ஈரச் சுண்ணாம்பு, நாட்பட்ட கற்பூரம். பிறகு பெட்டிகள் தெரிந்தன. நான்கும் தொட்டிச் சுவரை ஒட்டி, சிமெண்டுத் தரையில், முகம் மேலே பார்க்கப் படுத்திருந்தன. ஒவ்வொன்றையும் மூன்று சுற்று பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மேலே ராஃபியா கயிறு கட்டி, கயிற்றில் பூ முடிச்சு போட்டிருந்தது. இரண்டின் மேல் மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. பிளாஸ்டிக்கின் உள்பக்கம் முழுக்க நீர்த்துளிகள்.

"எப்படி?" என்றார் அக்கா. "ஒரு தூசி போயிருக்காது. ஒரு எலி போயிருக்காது. நாலையும் நான் ஒருத்தியே சுத்துனேன். ரெண்டு மணி நேரம்."

நான் முதல் பெட்டியின் கயிற்றை வெட்டினேன். பிளாஸ்டிக்கைக் கோபத்தில் கிழித்தேன். முன்பக்கத் துணியைக் கழற்றியிருந்தார்கள். கறுப்புக் காகிதக் கூம்பின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்திருந்தது. நட்டநடுவில், கம்பிச் சுருளை மூடும் குமிழின் மேல், ஐந்து சென் காசு அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். சந்தனத்தை ஈரமாக, கெட்டியாக அப்பியிருக்கிறார்கள். அது காகிதத்தை ஊற வைத்து, பிறகு காய்ந்து, காகிதத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெடித்திருந்தது.

"அக்கா, இந்தப் பொட்ட யாரு வச்சா?"

"நான்தான். ஆயுத பூசைக்கு எல்லாச் சாமானுக்கும் வைக்கணும்ல. விளக்குமாத்துக்கும் வச்சேன், லோரிக்கும் வச்சேன்."

"மரத்துல வச்சிருக்கலாமே. துணியக் கழட்டிட்டு இங்கயா?"

"வாயில வைக்காம வேற எங்க வைப்பாங்க? பேசுற சாமான் வாயாலதான பேசுது?"

இன்னொரு நாள் கேட்டிருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு முடியவில்லை. என் முகத்தைப் பார்த்து அக்காவின் முகம் மாறியது. "என்னம்மா, ரோசாக் ஆயிடுச்சா? கெட்டுப் போச்சா? செயலாளருதான் நல்லா காத்துப் போவாம சுத்தி வையின்னாரு. நானா செய்யல." கெட்டுப்போனால் பழி யார் தலையில் விழும் என்று அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் மேல் எனக்கு வந்த கோபம் அந்த இடத்திலேயே இடம் மாறியது.

நாங்கள் இருவரும் பெட்டிகளைத் தூக்கி மண்டபத்தின் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனோம். கூரை வேலை முடிந்திருந்தது; அறையில் காற்று இருந்தது. நான்கையும் நிமிர்த்தி நிறுத்தி, மின்விசிறியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், காற்று நேராகக் காகிதத்தில் படாமல் அறையைச் சுற்றிவரும்படி. அட்டையில் பெரிதாக எழுதி ஒவ்வொரு பெட்டியிலும் மாட்டினேன்: காய்ந்துகொண்டிருக்கிறது, திங்கட்கிழமை வரை மின்சாரம் கொடுக்க வேண்டாம். நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போய் வாயாலும் சொன்னேன்.

"சரிம்மா," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓவர்டைம். அன்றைக்குச் செயலாளரும் பொருளாளரும் மண்டபத்துக்கு வந்திருக்கிறார்கள். பொருளாளர் சொந்தமாக மோட்டார் சைக்கிள் கடை வைத்திருப்பவர். எதையும் முறுக்கிப் பார்த்தால்தான் நம்புவார். கெட்டதா இல்லையா என்று பார்த்துவிடலாமே என்று ஒரு பெட்டியை ஆம்பிளிஃபையரில் மாட்டியிருக்கிறார்கள். சத்தம் வரவில்லை. கரகரவென்று ஏதோ வந்திருக்கிறது. வராததால் இன்னும் கூட்டியிருக்கிறார்கள். இன்னும் வராததால் கடைசி வரை. இரண்டு மாதம் படுத்துக் கிடந்து, ஈரத்தில் ஊறி, கூம்பு ஒரு பக்கமாகத் தொய்ந்திருக்கும்; அதனால் கம்பிச் சுருள் காந்தத்தின் இடுக்கில் சிக்கிக்கொண்டிருக்கும். அசைய முடியாத சுருளுக்குள் முழு மின்சாரமும் போனால் அது சூடாவதைத் தவிர வேறு என்ன செய்யும்? அக்காதான் புகையைப் பார்த்துவிட்டு ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாராம்.

மாலை நான் வந்தபோது அறையில் எரிந்த அரக்கு வாசனை. அட்டையைக் கழற்றி மரியாதையாக ஜன்னல் மேல் வைத்திருந்தார்கள். எட்டு மாதத்தில் நான் முதலில் செய்து முடித்த பெட்டி அது.

செயலாளர் அங்கேயே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார். "வாம்மா. ஒண்ணு கொஞ்சம் சூடாயிடுச்சு."

"அங்கிள், நேத்து உங்க வீட்டுக்கே வந்து சொன்னேன். திங்கக்கெழம வரைக்கும் கரண்ட் குடுக்காதீங்கன்னு."

"ஆமா, நீ சொன்னதான்மா. சும்மா ஒரு நிமிஷந்தான் டெஸ்ட் பண்ணோம்."

"நான் எழுதிக் குடுத்த லிஸ்டுலயும் எட்டாவதா இருக்கு. பிளாஸ்டிக் சுத்தக் கூடாதுன்னு மூணாவதா இருக்கு. படுக்க வைக்கக் கூடாதுன்னு நாலாவதா இருக்கு. ஒண்ணையாவது செஞ்சீங்களா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்கிறவர் யோசிப்பது மாதிரி இல்லை. "அத நான் படிக்கலயேம்மா."

"படிக்கலயா?"

"நீ குடுத்தது சரஸ்வதி பூச அன்னைக்கு. அன்னைக்கு எழுத்தப் படிக்கக் கூடாதுல்ல. புஸ்தகம், கணக்கு நோட்டு எல்லாத்தையும் சாமிகிட்ட வச்சோம். நீ படிச்ச பொண்ணு எழுதுனதாச்சேன்னு எல்லாத்துக்கும் மேல உன் தாளத்தான் வச்சேன். மறுநாள் பூசை முடிச்சு எடுத்து பைலுக்குள்ள வச்சிட்டேன். கசங்கக்கூட விடல."

அலமாரியிலிருந்து ஃபைலை எடுத்து வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் என் தாள். நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் ஐந்தாவது வரியின் மேல் குங்குமம். உறைக்குள் ஒரு காய்ந்த சாமந்தி இதழ். என் கையெழுத்து ஒரு எழுத்துக்கூடக் கலையாமல் அப்படியே இருந்தது.

நான் தொழிற்சாலையில் எழுதிய தாள்களை அழுக்குக் கையோடு பிடித்திருக்கிறார்கள், காப்பி சிந்தியிருக்கிறார்கள், ஓரத்தில் ஃபோன் நம்பர் எழுதியிருக்கிறார்கள். ஆனால் படித்தார்கள். இங்கே என் தாளைக் கும்பிட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வந்த கோபம் போல எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. சரஸ்வதி மேல் எனக்குக் கோபம் இல்லை. பள்ளியில் படித்த காலத்தில் என் நோட்டுகளையும் அங்கே வைத்தவள்தான் நான். மறுநாள் காலை முதல் வேலையாக நோட்டைத் திறந்து நாலு வரி படிக்கச் சொல்வார்கள். பூசையே அதற்குத்தான். அந்தப் பாதியை இவர்கள் விட்டுவிட்டார்கள். பூசை நாளில் எழுத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த முட்டாள்தனம் என்னுடையது, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு எழுபதுக்கும் மேற்பட்ட நாட்கள் இருந்தன. அத்தனை நாளும் படிக்கலாம்.

"உனக்கு அதுக்கு மேல என்னம்மா மரியாத வேணும்?" என்றார். உண்மையாகவே கேட்டார்.

நான் ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அடுத்த இரண்டு வாரமும் ஷிப்ட் முடிந்து நான்கு மணிக்கு பஸ் இறங்கியதும் நேராக மண்டபம். இருட்டும் வரை வேலை. எரிந்ததைத் தனியாக வைத்துவிட்டு மற்ற மூன்றையும் பிரித்தேன். மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் பூஞ்சையைத் துடைத்து, பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு ஒற்றி எடுத்தேன்; தேய்த்தால் காகிதம் உரிந்துவிடும். மின்கம்பி மாட்டும் முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்ததை உப்புத்தாளால் சுரண்டினேன். அடிப்பலகைகள் ஈரம் குடித்து உப்பியிருந்தன. ஞாயிறு காலை எட்டிலிருந்து பத்து வரை மட்டும் வெயிலில் நிறுத்தினேன். பத்துக்கு மேல் வெயில் ஏறினால் பசை இளகிவிடும் என்பதால் நானே பக்கத்தில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருந்தேன். சந்தனத்தை மேஜை விளக்குச் சூட்டில் காட்டி, நகத்தின் ஓரத்தால் துணுக்குத் துணுக்காக எடுத்தேன். இரண்டில் கூம்பு தப்பித்தது. ஒன்றில் சந்தனத்தோடு காகிதமும் வந்துவிட்டது. பின்பக்கமிருந்து டிஷ்யூ காகிதத்தைப் பசை தடவி ஒட்டினேன். பிறகு மூன்று விரலால் கூம்பை மெல்ல அழுத்தி, காதைக் கிட்ட வைத்துக் கேட்டேன். உள்ளே உரசினால் ஒரு சின்ன மணல் சத்தம் வரும். ஒன்றில் வந்தது. தொய்ந்த பக்கம் மேலே வரும்படி கூம்பைச் சட்டத்தோடு தலைகீழாகத் திருப்பி மாட்டினேன். நான்கு நாளில் அந்தச் சத்தம் நின்றது.

அக்கா பெருக்கி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்காருவார். உதவி என்று எதுவும் செய்யச் சொல்லமாட்டேன். ஒரு நாள் அவராகவே, "இதுல எதத் தொடலாம், எதத் தொடக் கூடாது?" என்று கேட்டார். காட்டினேன். இரண்டு முறை திருப்பிக் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டார். அந்தச் சங்கத்தில் என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் அவர்.

பொங்கலுக்குப் பத்து நாள் இருக்கும்போது செயற்குழு கூடியது. நான் உறுப்பினர் இல்லை, அழைத்திருந்தார்கள். செயலாளர் தம் அழகான கையெழுத்தில் எழுதிவைத்திருந்ததைப் படித்தார். பெட்டிகள் உள்ளூரில் செய்யப்பட்டவை என்பதால் மழைக்காலத்தைத் தாங்கவில்லை, ஒன்று எரிந்துவிட்டது, எனவே இவ்வருடம் வாடகை ஒலிபெருக்கி. குரலில் கோபம் இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. வானிலை அறிக்கை படிப்பது போலப் படித்தார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "பொண்ணு நல்லா முயற்சி செஞ்சிச்சு. அத நாம பாராட்டணும்."

"ஆனா ஒண்ணுலா," என்றார் பொருளாளர், "வாடகைக்காரருக்கு போன் போட்டேன். பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் எல்லாம் புக் ஆயிடுச்சாம். கூம்பு ஒண்ணுகூட இல்லயாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருக்கிற மூணயாவது பேச வச்சிடும்மா," என்றார் தலைவர். பாராட்டின அதே குரலில்.

"மூணும் இப்பவே பேசும்," என்றேன். "ஆனா மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, இப்ப அங்கிள் படிச்சத அடிச்சிட்டு நடந்தத எழுதணும். பிளாஸ்டிக்ல சுத்தி ஈரத் தரையில படுக்க வச்சோம், காயறதுக்கு முன்னாடி கரண்ட் குடுத்து எரிச்சோம்னு எழுதணும். ரெண்டு, என்னத் தவிர யாரும் பெட்டிக்குக் கரண்ட் குடுக்கக் கூடாது. மூணு, மழை மாசத்துல பெட்டிங்க ஸ்டோர்ல இருக்காது, எங்க வீட்ல இருக்கும். இது முடியாதுன்னா நான் இப்பவே கெளம்புறேன். நீங்க வேற ஆளப் பாத்துக்கலாம்."

பொருளாளர் சிரித்தார். "என்னாலா இது, பொண்ணு பேசுதா, யூனியன் லீடர் பேசுதா?"

பின்னால் நாற்காலி துடைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "யூனியனோ என்னமோ, எழுதிக் குடுங்கலா. இல்லாட்டி பொங்கலன்னைக்கு நீங்களே மேடையில ஏறி தொண்ட கிழியக் கத்துங்க. முறுக்கிப் பாத்து எரிச்சவரு நீங்கதான?"

பொருளாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தார்.

செயலாளர் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடியும் மாட்டினார். "சரிம்மா," என்றார்.

"சரிம்மா வேணாம் அங்கிள்," என்றேன். "எழுதுங்க. நான் நின்னு பாக்கறேன்."

அவர் முகம் சிவந்தது. வாழ்க்கையில் அவரிடம் யாரும் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள். என் அப்பாவைவிட வயதில் மூத்தவர். அவர் எழுதிய இரண்டு வரியை அடித்தார், நேராக ஒரு கோடு போட்டு. புதிதாக எழுதினார். நான் மேஜைக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு சொல்லையும் படித்தேன். "எரிந்துவிட்டது" என்று எழுதியிருந்தார். "எரித்துவிட்டோம்" என்று மாற்றச் சொன்னேன். மாற்றினார்.

பொங்கலன்று மூன்று பெட்டிகளும் ஒலித்தன. மேடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, நடுவில் தூணுக்கு அருகே ஒன்று. ஒட்டுப் போட்டது தூணுக்கருகே இருந்தது. அதற்குச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே கொடுத்தேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி பயந்துபோய்க் கிசுகிசுவென்று பாடினாள். பின் வரிசைவரை ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்ந்ததை நான் நடந்து போய்ப் பார்த்து உறுதி செய்தேன். செயலாளர் நன்றியுரை சொன்னார். தலைவருக்கு நன்றி, கூரை போட்டவர்களுக்கு நன்றி, சமையல் குழுவுக்கு, கோலம் போட்ட சகோதரிகளுக்கு, வாசலில் வரவேற்ற செல்வங்களுக்கு நன்றி. ஒலியைப் பற்றி ஒரு சொல் இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு என் கையில் இருந்தது. அவர் குரல் கொஞ்சம் அடைத்திருந்ததால் மேல் சுரத்தைச் சற்றுக் கூட்டிவிட்டேன். தெளிவாகக் கேட்டது.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒலிப் பொறுப்பாளர் என்று என் பெயரை எழுதினார்கள். யாரும் கை தட்டவில்லை. நானும் நன்றி சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில், முதல் பெரிய மழைக்கு முன்னால், ஒரு வேன் பிடித்துப் பெட்டிகளை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். லிஃப்ட் நின்றிருந்தது. நானும் அக்காவும் ஏழு மாடி தூக்கி ஏறினோம். அம்மா கதவைத் திறந்து ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"கல்யாணச் சீரு எறங்க வேண்டிய வீட்டுல ஸ்பீக்கர் வந்து எறங்குது," என்றாள். "இதுங்களுக்குப் பல்பு வேற போடணுமா? மனுசனுக்கு உக்கார எடம் இல்ல."

முன்னறையில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, அப்பாவின் பழைய வேட்டிகளைப் போர்த்தி நிறுத்தினேன். நான்காவது பெட்டியையும் கொண்டுவந்தேன். அதற்குள் ஒன்றும் இல்லை, முன்பக்கத்தில் வட்டமாக ஓர் ஓட்டை மட்டும். அதற்குப் புதிதாக ஒன்று வாங்கித் தாருங்கள் என்று செயற்குழுவுக்கு ஐந்து கடிதம் எழுதியிருக்கிறேன். எந்தப் பூசைக்கும் முந்தைய வாரத்தில் கொடுக்கவில்லை. நாள் பார்த்துத்தான் கொடுத்தேன். படித்துவிட்டார்கள் என்று தெரியும், ஏனென்றால் எதிரில் நின்று படிக்க வைத்தேன். வாங்கலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.